காக்கி தைக்கும் முன் ஒரு கேள்வி

சாரணர் உடுப்புத் தைக்க யாராவது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தால், அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுப்பதற்கு முன்னால் நான் ஒரு கேள்வி கேட்பேன். "பையனுக்கு உடம்புக்கு ஏதாவது உண்டா?"

வருகிறவர்கள் முழிப்பார்கள். போன மாதம் வந்த ஒருவர் கேட்டே விட்டார்: "ஏன் டைலரே, டவுசர் தைக்கிறதுக்கு நாடி பாக்கணுமா?"

நியாயமான கேள்விதான். முத்தியால்பேட்டையில் என் தையலைப் பற்றியே ஏகப்பட்ட புகார் உண்டு. ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை என்று சண்டைக்கு வந்தவர்களிடம், "தப்பு தையல்ல இல்ல, நீங்க நிக்கிறதுல இருக்கு" என்று சொல்லி, அவர்களையே நேராக நிற்கப் பழக்கி அனுப்பியவன் நான். இப்படிப்பட்டவன் வைத்தியமும் பார்க்கக் கிளம்பிவிட்டான் என்று ஊர் சிரிக்கிறது. சிரிக்கட்டும். ஊரைச் சிரிக்கவைப்பது என் உபதொழில். தையலைவிட அதில்தான் எனக்குப் பெயர் அதிகம். அந்த உபதொழிலில்தான் என் மகனின் வலது கையைத் தொலைத்தேன்.

எங்கள் ஊரில் பிரெஞ்சுக்காரர்களின் கொடி இறங்கி மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். மகனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்து, மெஷின் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அப்பா, எங்க ஸ்கூல்ல சாரணர் படை ஆரம்பிக்கிறாங்க. நானும் சேர்றேன்."

"படையா? யார் மேலடா படையெடுக்கப் போறீங்க? வெள்ளைக்காரன்தான் கப்பல் ஏறிட்டானே."

"சண்டை இல்லப்பா. முடிச்சுப் போடச் சொல்லித் தருவாங்க. கூட்டிட்டுப் போயி வெளில தங்க வெப்பாங்க. நாங்களே சோறாக்கிச் சாப்பிடுவோம்."

"நீ ஆக்குற சோத்தத் தின்னா எதிரி தானா செத்துடுவான். சண்டை எதுக்கு?"

கடையில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பார்வைக்குக் காரணம் அவனுக்கும் எனக்கும் என் மனைவிக்கும் மகளுக்கும் மட்டும் தெரியும்.

அவனுக்கு வலிப்பு வரும். எட்டு வயதில் ஆரம்பித்தது. சோறு தின்றுகொண்டே இருப்பான், கண் மேலே செருகும், கை முறுக்கும், விழுவான். என் மனைவி ஓடிப்போய்க் கதவைச் சாத்துவாள். சாவிக்கொத்தை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து அழுத்துவாள். வலிப்பு வந்தால் இரும்பு கொடுக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். வீட்டின் முன்பக்கத்துக் கடையில் இருக்கும் நான் என்ன செய்வேன் தெரியுமா? ஊசிக்கடியில் துணியே இல்லாமல் மெஷினை மிதிப்பேன். கடகடவென்று தெருவே அதிரும். உள்ளே நடக்கிற சத்தம் வெளியே கேட்கக் கூடாது. தெருவில் போகிறவர்கள், "என்னா டைலரே, தீபாவளி வேலை இப்பவே வந்துடுச்சா?" என்பார்கள். "ஆமாங்க, எட்டு கை இருந்தாலும் பத்தாது" என்று பல்லைக் காட்டுவேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். அங்கே போகிற நாளில், தைத்த துணியைக் கொடுக்கப் போகிறவன்போலத் தோளில் ஒரு மூட்டையோடு போவேன். வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள். ராத்திரிக்கு ஒன்று, ஒரு நாளும் விடக் கூடாது என்றார் டாக்டர். அதைப் போட ஆரம்பித்த பிறகு எட்டு மாதமாக ஒன்றுமே வரவில்லை.

ஏன் இவ்வளவு ஒளிவு என்று கேட்டால், மகளுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. கருவடிக்குப்பத்திலிருந்து ஒரு நல்ல இடம் வந்திருந்தது. தம்பிக்கு வலிப்பு என்று தெரிந்தால், அது ரத்தத்தில் வருவது, அக்காவுக்குப் பிறக்கிற பிள்ளைக்கும் வரும் என்று ஒரு சொல் போதும். வெற்றிலைத் தட்டோடு வந்தவர்கள் தட்டோடு போய்விடுவார்கள். அதற்கப்புறம் வேறு யாரும் வரமாட்டார்கள்.

"வேணாங்க" என்றாள் மனைவி. "வெளியூர்ல எங்கனா விழுந்து வெச்சா?"

அவள் சொன்னதில் பாதி சரி. மறுபாதி எனக்குத்தான் தெரியும். அந்தப் பிள்ளையை நாங்கள் கடலில் இறங்கவிட்டதில்லை, மரத்தில் ஏறவிட்டதில்லை, மாசிமகத்துக்குக் கூட்டத்தில் விட்டதில்லை. காரணம் சொல்லாமலே எல்லாவற்றையும் தடுத்தோம். மற்றப் பிள்ளைகள் அவனைத் தொடைநடுங்கி என்று கூப்பிட்டார்கள். இதையும் தடுத்தால் அவனுக்கு என்னதான் மிச்சம்? சேரட்டும் என்றேன். இன்றைக்கும் அந்த முடிவைத் தப்பு என்று சொல்லமாட்டேன். தப்பு அதற்கு அடுத்த படியில் இருந்தது.

படையை ஆரம்பித்தவர் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர். முப்பது வயதுகூட இருக்காது. நான் தைக்கிற சட்டைக்குள் அவரைப்போல இரண்டு பேரை நுழைக்கலாம், அவ்வளவு ஒல்லி. பிள்ளைகளுக்கெல்லாம் காக்கி தைக்கும் வேலையை என்னிடமே கொடுக்க வந்தார். கடைக்குள் நுழைந்ததும் இடது கையை நீட்டினார்.

நான் என் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். "சார், சோத்தாங்கை சும்மாதானே இருக்குது, பீச்சாங்கையை எதுக்கு நீட்டுறீங்க? நான் குளிச்சிட்டேன், நீங்க எப்பிடின்னு தெரியலையே."

கடையே சிரித்தது. அவரும் சிரித்தார், கோபித்துக்கொள்ளத் தெரியாத மனுஷன். "எங்க வழக்கம்ணே அது. முன்காலத்துல இடது கையில கேடயம் இருக்கும். அதைக் கீழ வெச்சுட்டுக் குடுக்குற கை. உன்னை நம்புறேன், நீ என்னை வெட்ட மாட்டேன்னு அர்த்தம்."

"கத்திரிக்கோல் வெச்சிருக்கிறவன்கிட்ட வந்து இப்பிடிச் சொல்லக் கூடாது சார்" என்று சொல்லி, என் வலது கையை நீட்டினேன். அவர் கையை மாற்றிக்கொண்டு குலுக்கினார்.

போகும்போது ஒரு படிவத்தைக் கொடுத்தார். பெற்றோர் நிரப்பித் தர வேண்டியது. பிரெஞ்சிலோ இங்கிலீஷிலோ இருந்திருந்தால் புரியவில்லை என்றாவது பிற்பாடு சொல்லித் தப்பித்திருக்கலாம். நல்ல தமிழில் இருந்தது. பெயர், வயது, நீந்தத் தெரியுமா. அதற்குக் கீழே, 'பிள்ளைக்கு நோய் ஏதேனும் உண்டா? மருந்து ஏதேனும் உட்கொள்கிறானா?'

பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். 'இல்லை' என்று எழுதினால் பொய். 'உண்டு' என்று எழுதினால் அந்தக் காகிதம் பள்ளிக்கூடத்து அலமாரியில் இருக்கும். யார் வேண்டுமானாலும் புரட்டுவார்கள். கருவடிக்குப்பத்துக்கு எவ்வளவு தூரம்? பொய்யும் சொல்லாமல் உண்மையும் சொல்லாமல் இருக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். எழுதினேன்: 'பசி.'

பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் செர்த்திபிகா பரீட்சை வரைக்கும் படித்தவன் நான். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

மறுநாள் மகன் வந்து சொன்னான். "சார் அதை எல்லாருக்கும் படிச்சுக் காட்டினாருப்பா. எல்லாரும் சிரிச்சாங்க."

"நீ?"

"நானும் சிரிச்சேன்."

சட்டைப் பித்தானைக் கழற்றிக்கொண்டே, "அப்பா, நாங்க உறுதிமொழி எடுத்திருக்கோம். சாரணன் சொன்னா நம்பலாம்னு இருக்கணுமாம். அதுதான் மொத சட்டம்" என்றான்.

"நீ எங்கடா பொய் சொன்ன? எழுதினது நான். நான் எந்த உறுதிமொழியும் எடுக்கல."

பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் வாயை அடைத்துவிட்டேன் என்று அன்றைக்கு எனக்குப் பெருமை.

இரண்டு மாதம் கழித்து, கனகசெட்டிக்குளத்துப் பக்கம் கடலோரச் சவுக்குத் தோப்பில் மூன்று நாள் முகாம் என்றார்கள். மாத்திரைக்கு என்ன செய்வது? இந்த இடத்தில் என் தொழில் கைகொடுத்தது. அதாவது, கை கொடுத்ததாக நினைத்தேன். பிரெஞ்சுக்காரன் காலத்தில் எங்கள் ஊர் எல்லையைத் தாண்டினால் சுங்கச் சாவடிக்காரன் பையைக் கொட்டிக் கவிழ்த்துப் பார்ப்பான். அந்த நாளில் வாடிக்கைக்காரர்கள் சிலர், ஒரு கைக்கடிகாரமோ செண்டுப் பாட்டிலோ ஒளிக்கிற அளவுக்கு, இடுப்புப் பட்டிக்குள் திருட்டுப் பை வைத்துத் தைக்கச் சொல்வார்கள். வெளியே தையலே தெரியாது. அந்த வித்தையில் முத்தியால்பேட்டையில் என்னை மிஞ்ச ஆளில்லை. சாவடி போனதும் வித்தை சும்மா கிடந்தது. அதை என் மகனின் காக்கி டவுசரில் இறக்கினேன். மூன்று மாத்திரை, ஒரு காகிதத்தில் மடித்து, உள்ளே.

"யாரும் இல்லாதப்ப எடுத்து வாயில போட்டுக்கோ."

"யாரும் இல்லாதப்பன்னா எப்பப்பா?"

"வெளிக்குப் போறப்ப போட்டுக்கோ."

"அதுக்கும் ரெண்டு ரெண்டு பேராத்தான் போவணும்னு சார் சொல்லியிருக்காரு."

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். "அதுக்குமாடா துணை? நல்ல படைடா உங்க படை!" அவன் கேட்டது எவ்வளவு பெரிய கேள்வி என்று எனக்கு அன்று உறைக்கவில்லை. சாரணர் முகாமில் ஒரு பிள்ளை ஒரு நிமிஷம்கூடத் தனியாக இருக்க முடியாது. தனியாக விடக் கூடாது என்பதே அங்கே வழக்கம். பிள்ளையைப் பத்திரமாக வைக்கிற அந்த வழக்கத்துக்குள்தான் நான் ஒரு ரகசியத்தைக் கட்டி அனுப்பினேன்.

காலையில் பதினெட்டுப் பிள்ளைகளும் வரிசையாக, கழுத்தில் மஞ்சள் துண்டும் கையில் கழியுமாக எங்கள் தெரு வழியாக வடக்கே நடந்தார்கள். பாத்திரமும் அரிசியும் மாட்டு வண்டியில் போயின. நான் கடை வாசலில் அளவுக்கோலைத் துப்பாக்கிபோலத் தோளில் சாய்த்துக்கொண்டு விறைப்பாக நின்றேன். பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். என் மகன் மட்டும் மூன்று விரலை நெற்றியில் வைத்து நிஜமாகவே சல்யூட் அடித்துவிட்டுப் போனான். அந்த மூன்று விரலும் நேராக நின்றதை நான் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

மூன்றாம் நாள், மத்தியானச் சாப்பாட்டு வேளை தாண்டியிருக்கும். மகளுக்குப் பேசி முடித்திருந்த கருவடிக்குப்பத்து மாப்பிள்ளையின் சித்தப்பா என் கடையில் இருந்தார். நிச்சயத்துக்குப் போடச் சட்டை தைக்க அளவு கொடுத்துக்கொண்டிருந்தார். "வயித்துக்கு மட்டும் தனியா ஒரு கெஜம் வேணும் சம்பந்தி" என்று நான் சொல்லி அவர் சிரித்துக்கொண்டிருந்த நேரம், ஒரு பையன் சைக்கிளில் வந்து குதித்தான்.

"மாமா, உங்க பையனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்திருக்காங்க. சார் சீக்கிரம் வரச் சொன்னாரு."

சித்தப்பாதான் என்னைத் தன் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு மிதித்தார். கழுத்தில் நாடாவோடு போனேன்.

கட்டிலில் கிடந்தான். வலது கை முழங்கை வரைக்கும் கட்டு. வாத்தியார் பக்கத்தில் நின்றார். காக்கியெல்லாம் சாம்பலும் மண்ணும். நடந்ததைச் சொன்னார். கடைசி நாள் சமையல், என் மகனுடைய அணியின் முறை. அவர் வண்டிக்காரனைக் கூப்பிட ஊருக்குள் போய்த் திரும்புவதற்குள், அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவன் அப்படியே சாய்ந்திருக்கிறான், கைகால் வெட்டி வெட்டி இழுத்திருக்கிறது. பிள்ளைகள் பயந்துபோய், "இரும்பு! இரும்பு குடுங்கடா!" என்று கத்தியிருக்கிறார்கள். தோப்பில் சாவிக்கு எங்கே போவது? அணித்தலைவன், பதினாலு வயதுப் பிள்ளை, அடுப்பில் விறகு தள்ளிவிடுகிற கம்பியை உருவி என் மகன் கையில் வைத்துவிட்டான். அவன் பிடித்த முனை ஆறியிருந்தது. வைத்த முனை நெருப்பில் கிடந்தது. வலிப்பில் முறுக்கிய விரல்கள் அதைத் தாமாகவே இறுக்கிக்கொண்டன. விடவில்லை.

வாத்தியார் என்னைப் பார்த்தார். "அண்ணே, டாக்டர் கேக்குறாரு. இதுக்கு முன்னாடி இவனுக்கு இப்பிடி வந்திருக்கா?"

எனக்குப் பின்னால் மாப்பிள்ளையின் சித்தப்பா நின்றுகொண்டிருந்தார். அவர் மூச்சு என் பிடரியில் பட்டது.

"இல்ல சார்" என்றேன். "இதுவரைக்கும் வந்ததே இல்ல."

என் மகன் விழித்துத்தான் இருந்தான். என்னைப் பார்த்தான். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

தெருவில் பேச்சு ஒரே நாளில் பரவியது. உச்சி வெயிலில் பிள்ளைகளைப் பட்டினி போட்டு அடுப்பூத வைத்தார்களாம். நல்ல பிள்ளை, வெயில் தாங்காமல் வலிப்பு வந்துவிட்டதாம். வாத்தியார் பிள்ளைகளை விட்டுவிட்டு ஊருக்குள் சுற்றப் போய்விட்டாராம். பெற்றோர்கள் கூடிப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு மனு எழுதினார்கள். எழுதிக்கொண்டு என்னிடம்தான் முதலில் வந்தார்கள்.

"மொதக் கையெழுத்து உங்களுதா இருந்தாத்தான் நல்லாருக்கும் டைலரே. அடிபட்டது உங்க புள்ளைதானே."

ஒரு வேடிக்கைப் பேச்சு பேசி அதைத் தட்டிக்கழிக்க என்னால் முடிந்திருக்கும். வாய் எழவில்லை. கை எழுந்தது. அதே முத்து முத்தான கையெழுத்தில் போட்டேன்.

ஒரு வாரம் கழித்துத்தான் மாத்திரையைப் பற்றி மகனிடம் கேட்டேன். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"மொத நாளே கடல்ல குளிக்க வெச்சாங்கப்பா. எல்லாரும் டவுசரோட எறங்கினோம். அப்புறம் கெணத்துல அலசிக் கயித்துல காயப் போடச் சொன்னாரு. காயப் போட்டப்புறம்தான் நெனப்பு வந்துது. பையில கைவிட்டா மாவா இருந்துது."

"அப்புறம்?"

"துணியை நக்கிப் பாத்தேன். உப்பாவும் கசப்பாவும் இருந்துது. கொஞ்சம் உள்ள போயிருக்கும்னு நெனச்சேன்."

தண்ணீர் உள்ளே போகும் என்ற யோசனை ஊரிலேயே நல்ல திருட்டுப் பை தைக்கிறவனுக்கு வரவில்லை. கைக்கடிகாரக்காரர்கள் யாரும் கடலில் இறங்கவில்லையே.

"சார்கிட்ட சொல்லியிருக்கலாமேடா. ஆள் அனுப்பி வாங்கியிருப்பாரே."

"நீங்கதானே சொல்ல வேணாம்னீங்க."

அவன் அதைக் குற்றமாகக்கூடச் சொல்லவில்லை. மறந்துபோன ஒன்றை ஞாபகப்படுத்துகிறவன்போலச் சொன்னான்.

கட்டுப் பிரித்தபோது உள்ளங்கைத் தோல் சுருங்கி விரல்களை உள்ளே இழுத்துவிட்டிருந்தது. கட்டைவிரல் மட்டும் அசையும். எண்ணெய் போட்டு நீவினோம். ஆஸ்பத்திரியில் இரண்டு தரம் கத்தி வைத்தார்கள். பலனில்லை. அந்த அணித்தலைவன் பத்து நாள் எங்கள் வீட்டுக்கு எதிர்ப்புறம் வந்து நிற்பான். கூப்பிட்டால் ஓடிவிடுவான். ஒருநாள் பிடித்துவிட்டேன். "நான்தான் மாமா குடுத்தேன். எங்கம்மா அப்பிடித்தான் செய்யும்" என்று அழுதான். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் செய்வோம் என்று அவனிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், எங்கள் வீட்டில் எதற்காகச் செய்தோம் என்று கேள்வி வரும். "போடா, போய்ப் படி" என்று அனுப்பிவிட்டேன்.

மகளின் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பந்தியில் நான் அடித்த கேலியில் எதிர்வரிசைக்காரர் ஒருவருக்குப் பாயசம் புரையேறியது. மகன் இடது கையால் சாப்பிடக் கூச்சப்பட்டுப் பந்திக்கே வரவில்லை. அவன் அம்மா உள்ளறையில் ஊட்டிவிட்டாள்.

மூன்றாம் மாதம் மகளைப் பார்க்கக் கருவடிக்குப்பம் போனேன். சம்பந்தியம்மா மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கதவு நிலையில் சாய்ந்துகொண்டு சாதாரணமாகக் கேட்டார்.

"தம்பிக்கு இப்ப எப்பிடி இருக்குது? மாத்திரையெல்லாம் ஒழுங்கா போட்டுக்குதா?"

மோர்ச் செம்பைக் கீழே வைத்தேன். "எந்த மாத்திரைங்க?"

"வலிப்பு மாத்திரைதான். எங்க நாத்தனார் ஆஸ்பத்திரிலதானே வேலை செய்யுது. துணி மூட்டையோட வந்து வரிசையில நிப்பீங்களாமே. பொண்ணு பாக்க வர்றதுக்கு முந்தியே சொல்லிச்சு. யார் வூட்ல இல்ல? பொண்ணு நல்ல பொண்ணு, எங்களுக்கு அது போதும்னுட்டோம். நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தோம்."

திரும்பி வரும்போது நான் வீட்டுக்குப் போகவில்லை. நேரே வாத்தியார் வீட்டுக்குப் போனேன். வெளிக் கூடத்தில் புத்தகங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். படையைக் கலைத்துவிட்டார்கள் என்று தெரியும். காரைக்காலுக்கு மாற்றிவிட்டார்கள் என்பது அங்கே போய்த்தான் தெரிந்தது.

நின்றுகொண்டே சொன்னேன். எட்டு வயதிலிருந்து சொன்னேன். மாத்திரை, திருட்டுப் பை, ஆஸ்பத்திரியில் சொன்ன பொய், மனுவில் போட்ட முதல் கையெழுத்து, எல்லாம். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் ஒரு சிரிப்பும் இல்லாமல் பேசியது அன்றுதான்.

அவர் சாக்கின் வாயைக் கட்டி முடித்தார். நல்ல முடிச்சு.

"எனக்குத் தெரியும்ணே. ஆஸ்பத்திரியில நீங்க மருந்து வாங்கப் போயிருந்தப்ப அவனே சொல்லிட்டான். அன்னிக்கு சாயங்காலமே."

"அப்ப ஏன் சார் யார்கிட்டயும் சொல்லல? பழியெல்லாம் உங்க தலையில வுழுந்துதே."

"அக்கா கல்யாணம் முடியற வரைக்கும் சொல்லாதீங்கன்னான். வாக்கு வாங்கிகிட்டான். சின்னப் பையன்கிட்ட குடுத்தாலும் வாக்கு வாக்குதானே."

அடுத்த சாக்கை இழுத்துக்கொண்டு, "கல்யாணம் முடிஞ்சப்புறம் நீங்க வருவீங்கன்னு நெனச்சேன். மூணு மாசம் ஆயிடுச்சு" என்றார். பிறகு, "முன்னாடியே ஒரு வார்த்தை எழுதியிருந்தீங்கன்னா அவனை விட்டிருக்க மாட்டேன்னு நெனச்சிட்டீங்களா? கண்டிப்பா கூட்டிட்டுப் போயிருப்பேன். அடுப்புகிட்ட மட்டும் விட்டிருக்க மாட்டேன். மாத்திரையை நானே வெச்சிருந்து குடுத்திருப்பேன். வலிப்பு வந்தா இரும்பு குடுக்கக் கூடாது, ஒருக்களிச்சுப் படுக்க வெக்கணும்னு அந்தப் பதினேழு பசங்களுக்கும் சொல்லிக் குடுத்திருப்பேன். அவ்வளவுதாண்ணே வேணும். ஒரே ஒரு வார்த்தை."

கிளம்பும்போது நான் என் இடது கையை நீட்டினேன்.

அவர் அதைப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை, அந்த மனுஷனுக்கு அது வராது என்றுதான் முன்பே சொன்னேனே. "இப்ப நான் படையில இல்லண்ணே" என்றார். இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டார். நானும் நீட்டின கையை மடக்கி, இன்னொன்றோடு சேர்த்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தலைமை ஆசிரியரிடம் உள்ளதை எழுதிக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார். மாற்றல் உத்தரவு மாறவில்லை. தெருவில் நானே சொன்னேன். முதலில் யாரும் நம்பவில்லை. டைலர் ஏதோ வேடிக்கை பண்ணுகிறான் என்று சிரித்தார்கள். நாற்பது வயது வரைக்கும் ஒருவன் சிரிக்கவைத்துக்கொண்டே இருந்தால் இதுதான் கதி.

மகனுக்கு இப்போது பதினாறு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கடையில் உட்காருகிறான். கத்திரிக்கோல் எல்லாம் வலது கைக்குச் செய்தது, இடது கையில் வெட்டாது. பித்தான் தைப்பான், அளவு எழுதிக்கொள்வான். மாத்திரையைக் கடையில் எல்லார் முன்னாலும், வாடிக்கைக்காரரிடமே தண்ணீர்ச் செம்பை எடுத்துத் தரச் சொல்லிக் குடிக்கிறான். வேறு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சாரணர் உடுப்புத் தைக்க வருவார்கள். புதிதாகக் கற்ற வீறாப்பில் அவனிடம் இடது கையை நீட்டுவார்கள். அவனும் இடது கையைக் கொடுப்பான். அந்த நேரத்தில் மட்டும் அவன் கையில் யாருக்கும் எந்தக் குறையும் தெரியாது.

போன மாதம், நாடி பார்க்கணுமா என்று கேட்டாரே, அவரிடம் நான் பதில் சொல்வதற்குள் மகன் சொன்னான்:

"எனக்கு வலிப்புங்க. எங்கப்பா படிவத்துல பசின்னு எழுதினாரு."

அவர் சிரித்தார். எல்லாரும் சிரிக்கிற இடம்தான் அது, நல்ல வேடிக்கைதானே. பிறகு அவன் வலது கையை மேசை மேல் வைத்தான். அவர் சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். கோத்த நூலையே உருவி மறுபடி கோத்தேன்.

அவர் தன் பிள்ளையைப் பார்த்து, "நீ போயி சைக்கிளைப் பாத்துக்கடா" என்று வெளியே அனுப்பினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மூச்சிழுப்பு இருக்குது தம்பி. பனி பட்டா வந்துடும். எழுதினா சேத்துக்க மாட்டாங்களோன்னு…" என்றார்.

"சேத்துக்குவாங்க. படிவத்தைக் குடுங்க" என்றான் மகன்.

பேனாவை இடது கையில் பிடித்து, காகிதத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக எழுதினான். 'மூச்சிழுப்பு உண்டு. பனியில் படுக்கவைக்க வேண்டாம்.' எழுத்தெல்லாம் கோணல்தான். ஒன்று மேலே, ஒன்று கீழே. நான் எழுதிய அந்த ஒரு சொல் முத்து முத்தாக இருந்தது.